நின்றால் எழாத சர்வர்

மருத்துவமனையின் சர்வர் அறையைக் காலி செய்கிறார்கள். மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு எல்லாம் இனி சென்னையில் ஏதோ ஒரு நிறுவனத்தின் இயந்திரங்களில் இருக்குமாம். எனக்குப் பின் அந்த வேலைக்கு வந்த பெண் போன வாரம் போனில் இதைச் சொல்லிவிட்டு, "அக்கா, நீங்க ஒரு தடவ கம்பைலரத் தூக்கிட்டு ஆஸ்பத்திரியவே நிறுத்திட்டீங்கன்னு இங்க எல்லாரும் பேசிக்கிறாங்க, நெசமா?" என்று கேட்டாள்.

பாதி உண்மை. கம்பைலரைத் தூக்கியது நான்தான். ஆனால் அதனால் எதுவும் நிற்கவில்லை. சர்வர் ஓடிக்கொண்டே இருந்தது. அதுதான் பயம். நின்றுபோன இயந்திரத்தைப் பார்த்தால் ஆத்திரம் வரும், அழுகை வரும். நின்றால் மறுபடி எழாது என்று எனக்கு மட்டும் தெரிந்த ஒரு இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தபோது வந்தது வேறு. அதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்தவள். டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, கல்யாணமாகிச் சேலம் வந்து, அஸ்தம்பட்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில் டேட்டா என்ட்ரி வேலைக்குச் சேர்ந்தேன். சர்வர் வைக்க வந்த இன்ஜினியர் கோயம்புத்தூர் திரும்புவதற்கு முன் ஒரு வாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அதன்பிறகு புத்தகமும் போனும்தான். கறுப்புத் திரையில் கட்டளை அடித்து லினக்ஸை ஓட்டக் கற்றுக்கொண்டேன். சில வருடங்களில் பெயருக்குப் பின்னால் 'சிஸ்டம் ஆபீசர்' என்று போட்டார்கள். அறையில் நான் ஒருத்திதான்.

எனக்கு மேலே ஸ்டெல்லா மேடம். மருத்துவப் பதிவுகளுக்கும் நிர்வாகத்துக்கும் பொறுப்பாளர், செவ்வாய்ப்பேட்டைக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஏதாவது தப்பு நடந்துவிட்டது என்று போய் நின்றால், ஏன் நடந்தது, யார் செய்தது என்று கேட்கவே மாட்டார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்பார். இப்போது எது ஓடுகிறது? எது ஓடவில்லை? அடுத்து எது நிற்கும்? மூன்றுக்கும் பதில் வாங்கிய பிறகுதான் அடுத்த பேச்சு. நாம் சமாதானம் சொல்ல ஆரம்பித்தால் கையைச் சற்றே தூக்குவார். நிறுத்திக்கொள்வோம்.

அந்த வருடம் வார்டுகளில் காகித மருந்து அட்டைகளை நிறுத்தியிருந்தோம். எந்த நோயாளிக்கு எந்த மருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தாயிற்று, எது ஒவ்வாது என்பதெல்லாம் கணினியில் மட்டும். காகிதமும் கணினியும் இரண்டும் இருந்தால் இரண்டிலும் தப்பு வரும் என்று கூட்டத்தில் பேசி ஒப்புக்கொள்ள வைத்தவள் நான்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கம்பைலரை எடுத்த அன்று காலை எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

மறுநாள் பாதுகாப்புத் தணிக்கை. தணிக்கையாளர் முன்கூட்டியே அனுப்பிய பட்டியலில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் முடித்திருந்தேன். பழைய தற்காலிகக் கோப்புகளையும் நிரல்களை மறுபடி நிறுவுவதற்காகச் சேமித்து வைத்திருந்த பொதிகளையும் அழித்தாயிற்று. மிச்சம் ஒன்று: சர்வரில் கம்பைலர் இருக்கக் கூடாது. கம்பைலர் என்பது மனிதர் எழுதும் நிரலை இயந்திரம் ஓட்டக்கூடியதாக மாற்றித் தரும் கருவி. வெளியாள் யாராவது சர்வருக்குள் புகுந்துவிட்டால் அதை வைத்துத் தனக்கு வேண்டியதை அங்கேயே செய்துகொள்ளலாம். அதனால் எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். நியாயமான யோசனைதான்.

காலை பத்தே முக்கால் இருக்கும். அன்று எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. ஒன்பது மணியிலிருந்து ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கம்பைலரை எடுத்தேன், போய்விட்டது. பிறகு அதே பெயரில் வேறென்ன மிச்சம் என்று பட்டியல் கேட்டேன். கம்பைலரின் பெயர் ஜிசிசி. பட்டியலில் லிப்ஜிசிசி என்று ஒன்று நின்றது. அதன் வால் என்று நினைத்து எடுக்கச் சொன்னேன். இயந்திரம் மறுத்தது. இதை நம்பி இன்னின்ன நிரல்கள் இருக்கின்றன என்று நீளமாக எழுதிக் காட்டியது. நான் படிக்கவில்லை. கம்பைலரைச் சேர்ந்த சில்லறைகளைத்தான் சொல்கிறது என்று எண்ணி, 'எதையும் பார்க்காமல் எடு' என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்து என்டரைத் தட்டினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.

பட்டியலில் டிக் போடுவதற்கு முன், சரிபார்க்க இன்னொரு கட்டளை அடித்தேன். புதிய நிரல்களை நிறுவும் கருவி அது. திறக்கவில்லை. லிப்ஜிசிசி கோப்பைக் காணோம் என்று ஒரே வரி. மறுபடி அடித்தேன். அதே வரி. தரவுத்தளத்தை நகல் எடுக்கும் கருவியைக் கூப்பிட்டேன். அதே வரி.

அப்போதுதான் புரிந்தது. அது கம்பைலரின் வால் இல்லை. கம்பைலர் செய்து கொடுத்த நிரல்கள் ஓடுவதற்குத் தேவையான பொதுத் துண்டு. சர்வரில் பாதி நிரல்கள் அதைத் தொட்டுத்தான் எழும். நோயாளிகளின் தகவல் முழுவதும் இருந்த தரவுத்தளமும் அப்படித்தான்.

அப்படியானால் அது எப்படி இன்னும் ஓடுகிறது? லினக்ஸில் ஒரு கோப்பை அழித்தாலும், ஏற்கெனவே அதைத் திறந்து வைத்திருக்கும் நிரலிடம் அது இருந்துகொண்டேயிருக்கும். அந்த நிரல் நிற்கும்போதுதான் கோப்பு உண்மையில் மறையும். தரவுத்தளம் நானூறு நாளுக்கு மேலாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கணம் நின்றால் அதோடு சரி. நகல் எடுக்கவும் வழியில்லை. முந்தைய இரவு தானாக எடுக்கப்பட்ட நகலில் அன்று காலை கொடுத்த மருந்து எதுவும் இருக்காது. நிறுவும் கருவி இல்லாததால் தொலைந்த துண்டைத் திரும்ப நிறுவ முடியாது. கம்பைலரையே எடுத்துவிட்டதால் புதிதாகச் செய்துகொள்ளவும் முடியாது. ஓடும் நிரலின் நினைவிலிருந்தே அந்தக் கோப்பை மீட்க ஒரு வழி உண்டு என்று பல மாதம் கழித்துப் படித்தேன். அன்று அது எனக்குத் தெரியாது.

வெளியே ஜெனரேட்டர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவரை காதில் விழாத சத்தம் அது. திரையை மூடவில்லை. விசைப்பலகையை யாரும் தொட வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதி அதன்மேல் வைத்துவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு ஸ்டெல்லா மேடத்தின் அறைக்குப் போனேன். போகும் வழியில் பிரசவ வார்டு வாசலில் ஒரு நர்ஸ் கணினியைப் பார்த்துப் பார்த்து ஊசி மருந்தை எடுத்துக்கொண்டிருந்தார். திரையில் எல்லாம் வழக்கம்போல இருந்தது.

நடந்ததைச் சொன்னேன். "மேடம், வேணும்னு..." என்று ஆரம்பித்தேன். கை உயர்ந்தது.

"இப்ப எது ஓடுது?"

"எல்லாமே ஓடுதுங்க மேடம்."

"எது ஓடலை?"

"புதுசா எதையும் ஆரம்பிக்க முடியாதுங்க. நகல் எடுக்க முடியாது."

"அடுத்து எது நிக்கும்?"

"கரண்ட் போனா எல்லாம் நின்னுருங்க. நின்னா எந்திரிக்காது."

அவர் போனை எடுத்து வார்டு வார்டாகக் கூப்பிட்டார். எல்லா இடத்திலும் ஒரே வாசகம்தான். "சர்வர் இப்ப ஓடுது, எப்ப வேணா நிக்கலாம். ஒவ்வொரு பேஷண்ட்டோட மருந்து விவரத்தையும் திரையைப் பாத்துத் தாள்ல கையால எழுதுங்க. ஒவ்வாத மருந்த முதல் வரில எழுதுங்க. யாரும் லாக் அவுட் பண்ணாதீங்க." முதலில் ஐசியு, அடுத்து பிரசவம், பிறகு மற்றவை. சமாளிக்க ஏதாவது பொய் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"அந்தத் துண்டு வேற எங்க இருக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

அதை வரும் வழியிலேயே யோசித்திருந்தேன். என் போனிலேயே இணையத்தில் தேடிப் பார்த்தேன். எங்கள் பதிப்பு பழையது, அதற்குரியது கிடைக்கவில்லை. புதியது இருந்தது. அதைப் போட எனக்குத் துணிச்சல் வரவில்லை. வாழப்பாடியில் எங்களுக்கு ஒரு கிளைச் சிகிச்சை மையம் உண்டு. இரண்டு சர்வரும் ஒன்றாக வாங்கியவை, ஒரே ஆள் ஒரே நாளில் நிறுவியவை. அங்கே இருப்பதும் இங்கே தொலைந்ததும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.

அங்கே கணினி தெரிந்த ஆள் கிடையாது. வரவேற்பில் கோவிந்தன் இருந்தார். ஆத்தூர்க்காரர், ரொம்ப நிதானமான மனிதர். கறுப்புத் திரையை அவர் அதுவரை தொட்டதில்லை. போனில் கூப்பிட்டு, அங்குள்ள சர்வர் முன்னால் உட்காரச் சொன்னேன்.

"மேடம், ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா?" என்றார்.

அதே பயம் எனக்கும் இருந்தது. இங்கே ஒன்று போய்விட்டது. என் பேச்சைக் கேட்டு அங்கேயும் ஒன்று போனால்? எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ஒவ்வொரு வரியையும் அடித்துவிட்டு, என்டர் தட்டாமல் எனக்குத் திரும்பப் படித்துக் காட்டச் சொன்னேன். இடைவெளி எங்கே, சாய்கோடு எங்கே, சின்ன எழுத்தா பெரிய எழுத்தா. பென்டிரைவைச் சேர்க்கும் கட்டளைக்கே ஏழெட்டு நிமிடம் போயிற்று. கடைசியில் அந்தக் கோப்பு பென்டிரைவில் ஏறியது. அதோடு ஒரு கட்டளை கொடுத்து, கோப்பின் கைரேகை எண்ணை எடுக்கச் சொன்னேன். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும் எண் அது. முப்பத்திரண்டு எழுத்தும் இலக்கமும். அவர் படிக்கப் படிக்க நான் எழுதிக்கொண்டேன். பிறகு பென்டிரைவைப் பிடுங்கி, வரவேற்புக் கணினியில் போட்டு எனக்கு மின்னஞ்சல் செய்யச் சொன்னேன்.

போனுக்கு வந்ததைக் கேபிள் வழியாக ஸ்டெல்லா மேடத்தின் கணினிக்கு மாற்றி, அங்கே கைரேகை எடுத்துப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. முதல் எழுத்தே வேறு. கோப்பும் பாதி அளவுதான் இருந்தது.

தப்பு என்னுடையது. பிடுங்குவதற்கு முன் பென்டிரைவை முறையாக விடுவிக்கும் கட்டளையைக் கொடுக்கச் சொல்லாமல் விட்டிருந்தேன். எழுதி முடிவதற்குள் அவர் இழுத்துவிட்டார். பயத்தில் இருப்பவருக்குத் தெரிந்ததும் மறந்துபோகும் என்று சொல்வார்கள். எனக்கு எதுவும் மறக்கவில்லை, ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். பட்டியலைப் படிக்காமல் விட்டதும் அப்படித்தான்.

"இன்னொரு தடவ பண்ணலாம் மேடம், இப்ப கை பழகிடுச்சி" என்றார் கோவிந்தன். அந்த வார்த்தைக்கு இன்றுவரை அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

அவர் மறுபடி ஆரம்பித்தபோது எங்கள் எலக்ட்ரீஷியன் சென்னியப்பன் வாசலில் வந்து நின்றார். நாமக்கல்காரர். சட்டை முழுக்க வியர்வை.

"ஏனுங்க மேடம், ஜெனரேட்டருக்குச் சூடு ஏறிருச்சுங்க. கால் மணி நேரம் நிறுத்தி ஆற வெக்கோணும். யூபிஎஸ் தாங்குமில்லீங்க?"

"எவ்வளவு நேரம் தாங்கும்?" என்றார் ஸ்டெல்லா மேடம்.

"போன மாசம் ஏழு நிமிசம் நின்னுச்சுங்க. பேட்டரி பழசு."

"நிறுத்தாம ஓட்ட முடியாதா?"

"ரேடியேட்டருக்கு எதுக்க பெரிய ஃபேன் ஒண்ணு வெச்சிருக்கறனுங்க. இருந்தாலும் சூடு ஒரு அளவு தாண்டுச்சுன்னா அதுவே நின்னுக்குமுங்க. நம்ம கையில இல்லீங்க."

மேடம் ஐசியுவைக் கூப்பிட்டார். எழுதி முடித்திருந்தார்கள். பிரசவ வார்டில் இரண்டு பேர் பாக்கி. பொது வார்டில் பாதி. "முடிஞ்ச வரைக்கும் ஓட்டுங்க" என்று சென்னியப்பனிடம் சொன்னார்.

பன்னிரண்டே காலுக்கு இரண்டாவது கோப்பு வந்தது. மேடத்தின் அறையில் பென்டிரைவில் ஏற்றி, முறையாக விடுவித்து எடுத்துக்கொண்டு சர்வர் அறைக்கு ஓடும்போது, நடையில் விளக்கு அணைந்தது. ஜெனரேட்டர் சத்தம் இல்லை. என் அறைக்குள்ளிருந்து யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது.

ஏழு நிமிடம்.

பென்டிரைவைச் சேர்த்தேன். கைரேகை எடுக்கும் கருவிக்கு அந்தத் துண்டு தேவையில்லை, அது வேலை செய்தது. தாளில் இருந்ததையும் திரையில் இருந்ததையும் ஒப்பிட வேண்டும். கண் தாவிக்கொண்டே இருந்தது. ஸ்டெல்லா மேடம் எனக்குப் பின்னாலேயே வந்திருந்தார். தாளை என் கையிலிருந்து வாங்கி, "நான் படிக்கிறேன், நீங்க பாருங்க" என்றார். வார்டுக்குப் பேசிய அதே குரலில் ஒவ்வொன்றாகப் படித்தார். முப்பத்திரண்டும் ஒத்தது.

கோப்பை அதன் இடத்தில் வைத்தேன். அதை யார் திறக்கலாம் என்ற உரிமைகளைச் சரிசெய்தேன். பொதுத் துண்டுகளின் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். பிறகு, காலையில் மறுத்த நகல் கருவியைக் கூப்பிட்டேன். தன் பெயரையும் பதிப்பெண்ணையும் சொன்னது.

"எந்திரிக்குமா?" என்றார் மேடம்.

"கருவி எந்திரிச்சிருச்சுங்க. தரவுத்தளமும் எந்திரிக்கும்னு நெனைக்கறேன்."

யூபிஎஸ்ஸின் கத்தல் வேகமானது. முழு நகல் எடுக்க இருபது நிமிடமாகும். எங்களிடம் மூன்றோ நான்கோ நிமிடம் இருந்தது. மின்சாரம் பட்டென்று போனால், எழுதிக்கொண்டிருந்தது பாதியில் அறுந்து தகவல் கெட்டுப்போக வாய்ப்புண்டு. முறையாக நிறுத்தினால் அது வராது. ஆனால் நிறுத்த வேண்டியது நான். காலையிலிருந்து எது நடக்கக் கூடாது என்று பயந்தேனோ அதை என் கையாலேயே செய்ய வேண்டும்.

"மேடம், அதுவா நிக்கறதுக்கு முன்னாடி நாம நிறுத்தறது நல்லதுங்க. எந்திரிக்கலேன்னா..."

"எந்திரிக்கலேன்னா கையில தாள் இருக்கு. நிறுத்துங்க."

பொது வார்டில் இன்னும் எழுதி முடிக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். நான் கட்டளையை அடித்தேன். முதலில் தரவுத்தளம். அது தன்னை மூடிக்கொண்டதாகச் சொல்லும் வரி வந்தது. பிறகு சர்வர். விசிறியின் சத்தம் இறங்கி இறங்கி நின்றது. நானூறு நாளாக அந்த அறையில் நான் அமைதியைக் கேட்டதில்லை. மேடம் சுவரில் சாய்ந்து நின்றார். அவர் சாய்ந்து நின்று அன்றுதான் பார்த்தேன்.

ஜெனரேட்டர் ஆறுவதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரமும் ஐசியுவின் கருவிகள் அவற்றின் சொந்த பேட்டரியில் ஓடின. வார்டுகளில் தாளைப் பார்த்து மருந்து கொடுத்தார்கள். நான் நடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாராவது என்னைக் கடந்து வேகமாகப் போனால் எங்கே, எதற்கு என்று எட்டிப் பார்ப்பேன். ஒரு தடவை ஒரு ஆயா ஓடினார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். தண்ணீர்க் குழாயை மூட ஓடியிருக்கிறார்.

மின்சாரம் வந்ததும் சர்வரை எழுப்பினேன். விளக்குகள் எரிந்தன. திரையில் சில வரிகள் ஓடின, நின்றன. நீண்ட நாள் நிற்காமல் ஓடியதால் ஹார்ட் டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று ஒரு வரி. அதன்பின் எதுவும் நகரவில்லை. அது இயல்புதான் என்று அறிவுக்குத் தெரியும். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நிமிடம். பிறகு வரிகள் மறுபடி ஓடின. தரவுத்தளம் தொடங்கியது என்ற வரியை நான் மூன்று தடவை படித்தேன். மேடம் பிரசவ வார்டைக் கூப்பிட்டு, முதல் படுக்கையின் பெயரையும் கடைசியாகக் கொடுத்த மருந்தையும் திரையில் பார்த்துச் சொல்லச் சொன்னார். சொன்னார்கள். தாளில் இருந்ததுதான்.

அதன்பிறகு நகல் எடுத்து இரண்டு இடத்தில் வைத்தேன். நிறுவும் கருவி எழுந்துவிட்டதால், சாயங்காலம் அந்தத் துண்டை முறைப்படி சர்வரின் நிறுவல் பதிவேட்டில் ஏற்றினேன். அதற்குள் மேடம் ஒன்று சொல்லிவிட்டார். "எழுதினவங்ககிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க, என்ன நடந்துச்சுன்னு."

வேலையை விட்டுப் போகச் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். வார்டு வார்டாகப் போனேன். சிலர் பரவாயில்லை என்றார்கள். ஒருவர் முகம் கொடுக்கவில்லை. ஐசியுவில் மல்லிகா என்ற மூத்த நர்ஸ், ராசிபுரத்துக்காரர், விரல்களை நீவிவிட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"மருந்த மாத்தி எடுத்துக் குடுத்துட்ட மாதிரிங்களா அக்கா?"

"அப்படித்தாங்க. பேரு ஒரே மாதிரி இருந்துச்சு."

"எங்களுக்கும் ஒரே மாதிரி பேரு நெறைய இருக்குதுங்க. அதனால வீரியமான மருந்து குடுக்கறப்ப ரெண்டு பேரு பாக்கோணும். ஒருத்தரு படிக்கோணும், ஒருத்தரு ஊசிய எடுக்கோணும். உங்களுக்கு யாருங்க ரெண்டாவது ஆளு?"

யாருமில்லை என்றேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் தணிக்கையாளர் வந்தார். நடந்ததை அவரிடமும் சொன்னேன். எழுதிக்கொண்டார். மேடம் வார்டுகளில் வேளைக்கு ஒரு முறை மருந்து விவரத்தை அச்செடுத்து மாட்டச் சொல்லி உத்தரவிட்டார். காகிதம் வேண்டாம் என்று பேசியவள் நான்தான், அந்த உத்தரவைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

நான் மேடத்திடம் ஒன்று மட்டும் கேட்டேன். இனி சர்வரிலிருந்து எதையாவது எடுக்கும்போது எனக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்று. கணினி தெரிந்த ஆளுக்கு எங்கே போவது என்றார். தெரிய வேண்டாம், படிக்கத் தெரிந்தால் போதும் என்றேன். டியூட்டி முடிந்து போகிற வழியில் மல்லிகா வர ஒப்புக்கொண்டார். நான் ஓய்வு பெறும்வரை அது நடந்தது. கட்டளையை அடித்துவிட்டு என்டர் தட்டாமல் இருப்பேன். அவர் திரையில் இருக்கிற பெயர்களை ஒவ்வொன்றாக, எழுத்துக் கூட்டி வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும், "இது எதுக்குங்க அக்கா?" என்று கேட்பார். எனக்குப் பதில் தெரிந்தால் சொல்வேன். தெரியாவிட்டால் அந்த வரியை அழித்துவிட்டு, "நாளைக்குப் பாக்கலாங்க" என்பேன். அவர் பையை எடுத்துக்கொண்டு ராசிபுரம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்.